சிறப்புத் தேவையுள்ள குழந்தைக்கு உயர்நிலைப் பள்ளி: அட்மிஷனுக்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

உங்கள் குழந்தைக்கு டிஸ்லெக்சியா என்று சொல்லிவிட்டார்கள். அல்லது லேசான ஆட்டிசம். ஐந்தாம் வகுப்பு வரை எப்படியோ ஓடிவிட்டது. பள்ளி சின்னது, கிளாஸ் டீச்சர் தன்மையானவர், பிரின்சிபாலுக்குக் குழந்தையின் பெயர் தெரியும். இப்போது அந்தப் பள்ளியே ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. அல்லது உங்களுக்கு பெங்களூருவிலிருந்து புனேவுக்கு மாற்றல் வந்திருக்கிறது. ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி தேட வேண்டும். இணையதளத்தைத் திறந்தால் எல்லாப் பள்ளிகளுமே ‘இன்க்ளூசிவ்’தான். நேரில் போய் ரிப்போர்ட்டை நீட்டினால், நேற்று வரை இருந்த சீட் இன்று இல்லை.

இந்த நிலையில் இருக்கும் பெற்றோருக்கு சட்டம் என்ன தருகிறது, எந்த போர்டில் என்ன சலுகை, பள்ளிக்குப் போனால் எதைக் கேட்பது? ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஆறாம் வகுப்புக்கு நீங்கள் பள்ளி தேடும்போது, உண்மையில் தேடுவது ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்கான பள்ளியைத்தான்.

ஒன்பதாம் வகுப்பில் என்ன மாறுகிறது?

2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை பொருந்தும். இந்தக் காலத்தில் குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்து வடிகட்டிச் சேர்ப்பது குற்றம். முதல் முறை 25,000 ரூபாய் வரை, அதன்பின் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. எட்டாம் வகுப்பு முடியும் வரை குழந்தையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றவும் கூடாது. ‘ஆல் பாஸ்’ விதி 2019-ல் தளர்த்தப்பட்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் கட்டுப்பாட்டிலுள்ள பள்ளிகளில் 5, 8-ம் வகுப்புகளில் தேர்ச்சி பெறாதவர்களை நிறுத்திவைக்கலாம் என்று விதியை மாற்றியது. ஆனால் வெளியேற்றக் கூடாது என்ற பாதுகாப்பு அப்படியேதான் இருக்கிறது.

ஒன்பதில் அந்தப் பாதுகாப்பு முடிகிறது. அதே சமயம் போர்டு ரிசல்ட் பற்றிய கவலை பள்ளிக்கு ஆரம்பிக்கிறது. எட்டு வருடம் ஒன்றும் சொல்லாத பள்ளி, ஒரு பேரண்ட்ஸ் மீட்டிங்கில் மெதுவாக ஆரம்பிக்கும்: “பையனுக்கு ரொம்ப பிரஷரா இருக்கு. ஓப்பன் ஸ்கூலிங் பார்க்கலாமே?” யோசனை சில குழந்தைகளுக்கு நல்லதுதான். ஆனால் அது குழந்தைக்காகச் சொல்லப்படுகிறதா, பள்ளியின் நூறு சதவீதத் தேர்ச்சிக்காகச் சொல்லப்படுகிறதா என்பது வேறு கேள்வி.

இங்கே கைகொடுப்பது 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். அதன் 16-வது பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகளுக்கு மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும் பொருந்தும். பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், கட்டடம், கழிவறை வசதி தர வேண்டும், குழந்தையின் தேவைக்கேற்ற நியாயமான மாற்றங்களைச் செய்ய வேண்டும், கற்றல் குறைபாட்டைச் சீக்கிரம் கண்டறிய வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு, 6 வயது முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, அவர்கள் விருப்பப்படி, இலவசக் கல்வி பெறும் உரிமையை 31-வது பிரிவு தருகிறது. அதாவது 14 வயதில் முடியும் ஒரு பாதுகாப்பு, இந்தக் குழந்தைகளுக்கு 18 வரை நீள்கிறது.

ஆக, அங்கீகாரம் பெற்ற ஒரு தனியார் பள்ளி “எங்ககிட்ட வசதி இல்லீங்க” என்று சொல்வது சட்டப்படி சரியான பதில் அல்ல. அதற்காகச் சண்டை போட்டு அங்கேயே சேர்க்கணுமா? ஏற்கனவே படிக்கும் பள்ளியிலிருந்து குழந்தையைத் தள்ளப் பார்த்தால், போராடுவதில் அர்த்தம் இருக்கிறது. அங்கே நண்பர்கள் இருக்கிறார்கள், பழகிய இடம். ஆனால் புதிதாகச் சேர்க்கும்போதே முகம் சுளிக்கும் பள்ளியில், ஆணை வாங்கிச் சேர்த்த பிறகு தினமும் எட்டு மணி நேரம் அங்கே இருக்கப்போவது நீங்கள் அல்ல, குழந்தை.

முதலில் காகிதம்

பள்ளி தேடுவதற்கு முன் சான்றிதழ் வேலையை முடித்துவிடுங்கள். பெரும்பாலான பெற்றோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

1995-ன் பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016 சட்டத்தில் அது 21 ஆனது. ஆட்டிசமும், டிஸ்லெக்சியா, டிஸ்கிராஃபியா, டிஸ்கால்குலியா ஆகியவற்றை உள்ளடக்கிய கற்றல் குறைபாடும் அப்போதுதான் பட்டியலுக்குள் வந்தன. ஆனால் கவனியுங்கள்: ஏடிஹெச்டி அந்த 21-ல் தனியாக இல்லை. நகரங்களில் நிறையக் குழந்தைகளுக்குச் சொல்லப்படுவது இதுதான், பட்டியலில் இல்லாததும் இதுதான். உங்கள் குழந்தைக்கு ஏடிஹெச்டி மட்டும் என்றால், கூடவே கற்றல் குறைபாடும் இருக்கிறதா என்று முறையாகப் பரிசோதித்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து வருவது அரிதல்ல. இல்லையென்றால், போர்டு சலுகையை நம்பாமல், பள்ளிக்குள்ளேயே என்ன மாற்றம் செய்வார்கள் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தனியார் சைக்காலஜிஸ்ட் தரும் ரிப்போர்ட் வேறு, அரசின் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேறு. பள்ளியில் பேச முதலாவது போதும். போர்டு தேர்வுக்கும் உயர்கல்வி இடஒதுக்கீட்டுக்கும் இரண்டாவதுதான் கேட்பார்கள். 2021 ஜூன் முதல் இந்தச் சான்றிதழ்கள் யூடிஐடி இணையதளம் வழியாகத்தான் வழங்கப்படுகின்றன. ஆன்லைனில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு முன் குழந்தையைக் கூட்டிப்போக வேண்டும். நாடு முழுவதும் செல்லும் என்பதால், மாநிலம் மாறினாலும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. கற்றல் குறைபாட்டைப் பரிசோதிக்கும் வசதி எல்லா மாவட்ட மருத்துவமனையிலும் இருக்காது. பெங்களூருவில் நிம்ஹான்ஸ், மும்பையில் சயான் மருத்துவமனை, சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் போன்றவை இந்தத் துறையில் அனுபவம் உள்ள அரசு இடங்கள். காத்திருப்பு நீளமாக இருக்கும், லீவை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்படி கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழ் 8 வயதுக்குப் பிறகுதான் தரப்படும். பிறகு 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பரிசோதிக்க வேண்டும். அந்த 14 வயது எங்கே வருகிறது பாருங்கள்: எட்டாம் வகுப்பு முடிந்து ஒன்பதில் நுழையும் நேரம். சிபிஎஸ்இ-யில் மாணவரைப் போர்டில் பதிவு செய்வதும் ஒன்பதாம் வகுப்பில்தான். பழைய சான்றிதழ் காலாவதி, புதியது இன்னும் வரவில்லை என்ற இடைவெளியில் பதிவு நடந்துவிட்டால், பிறகு திருத்த அலைய வேண்டியிருக்கும். குழந்தைக்குப் பதின்மூன்றரை வயது ஆகும்போதே அப்பாயின்ட்மென்ட் போட்டுவிடுவது நல்லது.

வெளிமாநிலத்தில் வளரும் தமிழ்க் குழந்தைகளுக்கு இன்னொரு சிக்கல். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், இரண்டாம் மொழி இந்தி, மூன்றாவதாக மராத்தியோ கன்னடமோ. இந்தியில் எழுத்துக்கூட்டத் திணறுவது டிஸ்லெக்சியாவாகவும் இருக்கலாம், அந்த மொழியைக் காதால் கேட்டே பழகாததாகவும் இருக்கலாம். எந்த மொழியில் பரிசோதித்தார்கள், வீட்டு மொழி என்ன என்பது ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

“சர்டிஃபிகேட் வாங்கிட்டா முத்திரை குத்திருவாங்க” என்று வீட்டுப் பெரியவர்கள் பயப்படுவார்கள். கல்யாணம் வரைக்கும் பேச்சு போகும், வகுப்பு ஆறுதான் என்றாலும். சான்றிதழ் கையில் இருந்தால் எங்கே காட்டுவது என்பது உங்கள் முடிவு. இல்லாவிட்டால் காட்ட ஒன்றுமே இருக்காது.

குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழ் என்று வந்தால் எல்லாம் முடிந்ததா? இல்லை. எழுதுவதில் சிரமம் உள்ள ஒருவர் யுபிஎஸ்சி-க்கு எதிராகத் தொடுத்த விகாஷ் குமார் வழக்கில், எழுத்துதவியாளர் வசதியை 40 சதவீதம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்க முடியாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து 2022-ல் தனி வழிகாட்டுதலும் வந்தது.

எந்த போர்டு?

சிபிஎஸ்இ-யில் சலுகைகள் எழுத்தில் தெளிவாக இருக்கின்றன. ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதல், அதாவது மூன்று மணி நேரத் தேர்வுக்கு நான்கு மணி நேரம். சொல்வதை எழுத ஸ்க்ரைப், கேள்வியை வாசித்துக்காட்ட ரீடர். தேவையைப் பொறுத்து கம்ப்யூட்டரிலோ சாதாரண கால்குலேட்டர் வைத்தோ எழுதலாம். மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு உண்டு. பத்தாம் வகுப்பில் இரண்டு மொழிக்குப் பதில் ஒரு மொழியும், வேறு நான்கு பாடங்களும் எடுக்கலாம். அந்த நான்கில் கணக்கும் அறிவியலும் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஓவியம், இசை, மனையியல் என்று போகலாம்.

இதில்தான் ஒரு பொறி இருக்கிறது. போர்டு அனுமதிக்கும் பாடத்தை உங்கள் பள்ளி நடத்த வேண்டுமே! கணக்குக்குப் பதில் ஓவியம் எடுக்கலாம் என்கிறது விதி. பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஓவிய ஆசிரியரே இல்லை என்றால் அந்த விதியால் ஒரு பயனும் இல்லை. அதே போல, எந்தப் பாடத்தை விடுகிறோம் என்பதில் அவசரம் வேண்டாம். பத்தில் கணக்கை விட்டால் பதினொன்றில் சயின்ஸ் குரூப்பும், கணக்குடன் கூடிய காமர்ஸும் போய்விடும். கணக்கு கஷ்டம், ஆனால் முடியவே முடியாது என்றில்லை என்றால், பத்தாம் வகுப்பில் ‘பேசிக்’ கணக்கு என்ற எளிய தாள் இருக்கிறது. அதை முயன்று பார்க்கலாம்.

ஐசிஎஸ்இ-யிலும் இரண்டாம் மொழி விலக்கு, கூடுதல் நேரம், எழுதுபவர் உதவி எல்லாம் உண்டு. பள்ளிதான் முன்கூட்டியே கவுன்சிலிடம் விண்ணப்பிக்க வேண்டும். பாடத்தின் கனமும் இலக்கியத் தாளும் வாசிப்புச் சிரமம் உள்ள குழந்தைக்குச் சற்றே அதிகம் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மகாராஷ்டிரா, தமிழ்நாடு போன்ற மாநில போர்டுகளும் டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்குச் சலுகை தருகின்றன, ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. மாற்றல் வரும் வேலை என்றால் சிபிஎஸ்இ-தான் வசதி. கேந்திரிய வித்யாலயாக்களில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குப் புதிய சேர்க்கையில் 3 சதவீத ஒதுக்கீடும் உண்டு.

என்ஐஓஎஸ் எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியைப் பற்றி நம் வீடுகளில் ஒரு இளக்காரம் இருக்கிறது, ‘ஃபெயிலானவங்க படிக்கிறது’ என்று. அது நியாயமே இல்லை. 1989-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் போர்டு அது, சான்றிதழ் மற்ற போர்டுகளுக்குச் சமம். பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருந்தால் போதும். ஒரு மொழி உட்பட ஐந்து பாடங்கள், மற்றவை உங்கள் விருப்பம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டாம். ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள், வருடத்துக்கு இரண்டு பொதுத் தேர்வுகள், தேர்ச்சி பெற்ற பாடம் கணக்கில் நிற்கும். ஒரு தேர்வுக்கு ஒரு மாதம் தயாராக வேண்டிய குழந்தைக்கு இதைவிட நல்ல அமைப்பு இந்தியாவில் இல்லை.

அதன் குறை பாடத்திட்டத்தில் இல்லை, தினசரி வாழ்க்கையில் இருக்கிறது. காலையில் யூனிஃபார்ம் போட்டுக் கிளம்ப ஒரு இடம் இருக்காது, மதிய உணவு நேரத்துச் சண்டைகளும் சமாதானங்களும் இருக்காது. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அந்தக் கூட்டமே பெரிய பாடமாகவும் இருக்கலாம், தாங்க முடியாத தொல்லையாகவும் இருக்கலாம். நகரங்களில் சில பள்ளிகளும் மையங்களும் பகல் முழுக்க வகுப்பு நடத்தி, தேர்வை மட்டும் என்ஐஓஎஸ் வழியாக எழுத வைக்கின்றன. வழக்கமான பள்ளிக்குள்ளேயே என்ஐஓஎஸ் பிரிவு இருந்தால் இன்னும் நல்லது. ஆறாம் வகுப்பு அட்மிஷனிலேயே இதை விசாரித்துவிடுங்கள்.

பள்ளிக்குப் போனால் என்ன கேட்பது?

“இன்க்ளூஷன் பாலிசி இருக்கா?” என்று கேட்காதீர்கள். இருக்கு என்பார்கள். ஆளைக் கேளுங்கள்: ஸ்பெஷல் எஜுகேட்டர் யார், முழுநேரமா, வாரம் இரண்டு நாள் வருபவரா? இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவருக்கு ஒரு சிஆர்ஆர் எண் இருக்கும். அதைக் கேட்பதில் தவறில்லை, டாக்டரின் பதிவு எண் மாதிரிதான். அவர் எத்தனை குழந்தைகளைப் பார்க்கிறார் என்பதும் முக்கியம். 2021-ல் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறப்புக் கல்வியாளர் விகிதத்தை தொடக்க வகுப்புகளில் 10 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று ஏற்றது. நடப்பில் பள்ளி முழுவதற்கும் ஒருவர் என்பதே சகஜம். அந்த ஒருவரும் கவுன்சிலர், அட்மிஷன் பொறுப்பாளர் என்று மூன்று வேலை பார்த்தால், உங்கள் குழந்தைக்கு மிஞ்சுவது எவ்வளவு நேரம் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

அடுத்த கேள்வி, எங்கள் கணக்கில் மிக முக்கியமானது: “போன வருஷம் உங்க பள்ளியிலிருந்து எத்தனை பேர் சலுகையோட பத்தாம் வகுப்பு எழுதினாங்க?” சின்ன வகுப்பில் பத்துக் குழந்தைகள், பத்தாம் வகுப்பில் பூஜ்யம் என்றால், நடுவில் அவர்கள் எங்கே போனார்கள்? இதற்கு வரும் பதிலைவிட, பதில் சொல்லும்போது வரும் தயக்கமே உங்களுக்கு நிறையச் சொல்லிவிடும். முடிந்தால் அப்படி ஒரு மாணவரின் பெற்றோரிடம் பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். நல்ல பள்ளி தயங்காமல் செய்து தரும்.

ஸ்க்ரைப், கூடுதல் நேரம் எல்லாம் போர்டு தேர்வில் மட்டும்தானா, யூனிட் டெஸ்ட்டிலும் தருவார்களா? இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் ஸ்க்ரைப் வைத்து எழுதுவது தனித் திறமை. விடையை மனதில் முழு வாக்கியமாக அமைக்க வேண்டும், நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும், கணக்கில் எந்த வரியில் என்ன எழுத வேண்டும் என்று வாயாலேயே வழிகாட்ட வேண்டும். முக்கோணத்தைக் கையால் வரையாமல் வாயால் வரைந்து பாருங்கள், புரியும். ஏழாம், எட்டாம் வகுப்பிலேயே பழகாத குழந்தைக்கு பத்தாம் வகுப்பு ஹாலில் முதன்முதலாக ஒரு முன்பின் தெரியாதவரைப் பக்கத்தில் உட்காரவைப்பது உதவி ஆகாது.

ரிசோர்ஸ் ரூமைக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்தில், பூட்டியிருந்து, சாவி தேடிக்கொண்டு வந்தால் கிளம்பிவிடலாம். திறந்திருந்தால், எந்த பீரியடில் குழந்தையை அங்கே அழைத்துப்போவார்கள் என்று கேளுங்கள். பல பள்ளிகளில் பி.டி., ஆர்ட், மியூசிக் பீரியடுகளைத்தான் எடுத்துக்கொள்வார்கள். வாசிக்கக் கஷ்டப்படும் குழந்தை கெட்டிக்காரனாகத் தெரியும் ஒரே நேரத்தையும் பிடுங்கிவிட்டு, மீண்டும் ஸ்பெல்லிங் எழுதவைப்பதா? கணக்குக்கு உதவி தேவையென்றால் கணக்கு பீரியடில் செய்யட்டும். குழந்தைக்கென்று எழுத்தில் ஒரு தனிக் கல்வித் திட்டம் போடுவார்களா, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை திருத்துவார்கள், உங்களுக்கு நகல் உண்டா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

பெரிய பள்ளிகள் இப்போது சகஜமாகச் சொல்வது: “ஷேடோ டீச்சர் நீங்களே ஏற்பாடு பண்ணிக்கணும்.” குழந்தையுடனேயே வகுப்பில் இருக்கும் உதவியாளர், சம்பளம் உங்கள் கையிலிருந்து. ஸ்கூல் ஃபீஸுக்கு இணையாக, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதையெல்லாம் தாண்டி, அவர் வந்தபின் வகுப்பு ஆசிரியர் குழந்தையைப் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறாரா என்று கவனிக்க வேண்டும். எவ்வளவு காலத்துக்கு, எப்போது படிப்படியாகக் குறைப்பது என்பதைத் தொடக்கத்திலேயே பேசுங்கள்.

மற்றபடி பஸ், கழிவறை, பிரிவுக்கு எத்தனை பேர், இடைவேளையில் மேற்பார்வைக்கு யார் என்பதை எல்லாம் ஒரு சுற்று நடந்தாலே தெரிந்துகொள்ளலாம். இடைவேளை நேரத்தில் போவது நல்லது. பதின்வயதில் கேலி வகுப்பறையில் நடப்பதைவிட மாடிப்படியிலும் பஸ்ஸிலும்தான் நடக்கும். குழந்தையையும் ஒரு நாள் கூட்டிப்போய், முடிந்தால் அரை நாள் வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். பதினொரு வயதில் அவர்களுக்கு எங்கே இருக்க முடியும், முடியாது என்பது நன்றாகவே தெரியும். சொல்லத் தெரியாவிட்டாலும் அன்று இரவு சாப்பாட்டிலும் தூக்கத்திலும் தெரிந்துவிடும்.

மறுத்தால்?

வாய்வார்த்தையாகச் சொல்லும் மறுப்புக்கு மதிப்பில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு மெயில் போடுங்கள்: ‘இன்று நேரில் சந்தித்தபோது இந்தக் காரணத்தால் சேர்க்க இயலாது என்று தெரிவித்தீர்கள், எழுத்தில் உறுதிப்படுத்தவும்’. அந்த மெயிலுக்குப் பிறகு சில பள்ளிகளில் காணாமல் போன சீட் திரும்பி வருவதுண்டு. வராவிட்டால் ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் தரலாம். வக்கீல் கட்டாயமில்லை. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்து 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் விதிக்க 2016 சட்டத்தில் இடமுண்டு. எட்டாம் வகுப்புக்குள் என்றால் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தையும் அணுகலாம்.

செலவுப் பக்கம் பெரிய உதவி இல்லை என்பதே உண்மை. ஆட்டிசம், செரிபிரல் பால்சி, அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். தெரபிகளும் இதில் அடக்கம். டிஸ்லெக்சியா மட்டும் என்றால் இந்தத் திட்டத்தில் இடமில்லை. பின்னால் பலன் இருக்கிறது: 40 சதவீதச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடஒதுக்கீடும் ஐந்து ஆண்டு வயது வரம்புத் தளர்வும் உண்டு.

சிபிஎஸ்இ பள்ளிகள் ஏப்ரலில் திறக்கும். நகரங்களில் நல்ல பெயருள்ள பள்ளிகளில் நடுவகுப்புச் சேர்க்கை டிசம்பர், ஜனவரியிலேயே முடிந்துவிடும். குழந்தை ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போது, காலாண்டுத் தேர்வுக்கு முன்பே ரிப்போர்ட்டைப் புதுப்பித்து, பள்ளிகளுக்குப் போய்வர ஆரம்பித்துவிடுங்கள். பழைய பள்ளியில் டிசி வாங்கும் முன், புதிய பள்ளி ஒப்புக்கொண்ட உதவிகளை ஒரு மெயிலிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.